காயமே இல்லாமல் வீங்கிய கட்டைவிரல்

வண்ணார்பேட்டைவாசி:
ஐப்பசி மழை கொட்டிய ராத்திரி. இரண்டு மணி இருக்கும், வலது கால் கட்டைவிரல் கொதித்து முழிப்பு வந்தது. லைட்டைப் போட்டுப் பார்த்தால் விரலடி மிளகாய்ப்பழமாகச் சிவந்து, தோல் மினுமினுவென்று இழுத்துக்கிடக்கிறது. போர்வை நுனி பட்டாலே உயிர் போய் வந்தது. முள் குத்தவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. முந்தின நாள் உவரியில் மச்சினன் வீட்டு விருந்து. சாளை மீன் குழம்பு, பொரித்த சாளை, கூடவே பீர்.

பக்கத்து கிளினிக்கில் சீழ் பிடித்திருக்கும் என்று ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மூட்டு டாக்டர், ஊசியால் நீர் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். ஊசி ஊசியாக உப்புப் படிகம். கிருமியே இல்லை. கவுட் என்றார், யூரிக் அமிலம் உப்பாகி மூட்டில் படிந்து வரும் வாதம். சாளை மாதிரி மீன் அந்த அமிலத்தை ஏற்றிவிடுமாம்.

யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரையாமல் படியத் தொடங்குமாம். கால்விரல் உடம்பில் குளிர்ந்த இடம், அதனால் பெரும்பாலும் அங்கேதான் முதலில். படிந்த உப்பு வருஷக்கணக்கில் சும்மாவும் கிடக்கும். அதை விழுங்கப்போகும் வெள்ளணுவில்தான் வினை. அதற்குள்ளே என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம் வேறு சிலதைச் சேர்த்துக்கொண்டு இன்ஃப்ளமசோம் என்ற அழற்சி மூட்டும் கூட்டாகக் கூடுகிறது, இன்டர்லூகின் 1 பீட்டா என்ற அபாயச் செய்தி வெளியே கொட்டுகிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக மூட்டுக்குள் இறங்குகிறது. சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப் குழுவினர் 2006இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, என்னைப் படுக்கவைத்தது உப்பு மட்டுமில்லை, வீட்டுக் காவலாளியும்தான்.

கடக்கரைக்காரன்:
எங்க ஊர் சாளையை மட்டும் குற்றம் சொல்லாதீங்க அண்ணாச்சி, பீரையும் சேர்த்துச் சொல்லுங்க! எங்கப்பாவுக்கு வலி வந்த அன்று எடுத்த ரத்தத்தில் யூரிக் அமிலம் நார்மல். இது கவுட்டே இல்லை என்று சாதித்தார். அந்த நேரத்தில் அப்படிக் குறைந்து காட்டுமாம். பிறகு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரை தொடங்கினோம், அடுத்த வாரமே இன்னும் மோசமான வலி. மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டார். பழைய உப்பு கரைந்து உதிரும்போது மறுபடி சண்டை வரும், நிறுத்தக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பனங்காட்டுநரி:
சின்ன வயதில் பனைமட்டைக் கருக்கு என் கையைக் கிழித்தபோதும் இதே சிவப்பு, இதே சூடு, இதே வீக்கம். ஆனால் மூன்றே நாளில் வற்றிவிட்டது. அங்கே அந்தப் படைக்கு வேலை இருந்தது. 1882இல் மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்து, மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்ததைப் பார்த்தார். முள்ளென்றால் சரி. தன் உடம்பில் விளைந்த உப்புக்கும் அதே படை கிளம்பினால் என்ன செய்ய?

வண்ணார்பேட்டைவாசி:
அதற்குத்தான் கோல்சிசின், 0.5 மில்லிகிராம் மாத்திரை. அந்தப் படையின் கால்களையே கட்டிப்போடுகிறது. நம்ம செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்குச் செடி, அதன் விதையிலிருந்தும் எடுப்பார்கள் என்றதும் பெரியம்மா, “அப்போ கண்வலிக்கிழங்கை அரைச்சுக் குடியேன்” என்றாள். யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள், அது ஆளைக் கொல்லும் விஷம். மாத்திரையிலேயே அளவு கொஞ்சம் கூடினால் வயிறு பிய்த்துக்கொண்டு போகிறது.

போன வாரம் யூரிக் அமிலம் 5.4. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உவரிக்குப் போகிறேன். சாளை இரண்டு துண்டு, பீர் கிடையாது. மச்சினனிடம் இப்போதே சொல்லியாயிற்று.