கிராபிக்ஸ் கார்டு பயன்பாடு 97% என்கிறது, வாட் மட்டும் ஏறவில்லையே?

வணக்கம். காட்பாடி வீட்டில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டில், தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு நடக்கும் அறிவியல் திட்டமான ஐன்ஸ்டீன் அட் ஹோமின் பல்சார் (துடிக்கும் விண்மீன்) தேடலை ஓட்டுகிறேன். டாஸ்க் மேனேஜரில் 3டி வரைபடம் தரையோடு கிடக்கிறது. சரி, அது இந்த மாதிரி வேலையைக் காட்டாது, கம்ப்யூட் (கணக்கீட்டு வேலை) வரைபடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது தெரியும். குழப்பம் அடுத்ததில்தான். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கருவி, பயன்பாடு 97% என்கிறது. ஆனால் 170 வாட் கார்டு 110 வாட்தான் இழுக்கிறது. அந்தச் சதவீதம் ஏதாவது ஒரு கெர்னல் (கார்டில் ஓடும் சிறு நிரல்) ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் பங்கு மட்டுமே, எத்தனை கோர்கள் உழைத்தன என்று சொல்லாது என்கிறார்கள். அப்படியானால் வாட்டைத்தான் நம்ப வேண்டுமா? ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை ஓடவிட்டால் பலன் உண்டா, இல்லை வேலூர் வெயிலில் கார்டு சூடாவதுதான் மிச்சமா? (ஏசி கிடையாது.) ஓட்டிப் பார்த்தவர்கள் உங்கள் வாட், வெப்பநிலை, ஒரு வேலை முடிய ஆகும் நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்களேன்.