ஐபோனில் மட்டும் ‘கொ’ உடைகிறது, உதவி தேவை

மும்பை மாட்டுங்காவில் ஒரு தமிழ் மெஸ்ஸுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். போன வியாழன் எழுத்துருவை மாற்றியதிலிருந்து, ஐபோன் 11-இல் தலைப்புகளில் மட்டும் ‘கொள்ளு ரசம்’, ‘பொடி இட்லி’ இரண்டும் உடைந்து வருகின்றன. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். ஓனர் பார்த்துவிட்டு “என்ன தம்பி, ரசத்துல ஓட்டை விழுந்திருக்கு” என்கிறார்.

ஆண்ட்ராய்டு குரோமில் பிரச்சினை இல்லை. ஐபோனில் சஃபாரி, குரோம் இரண்டிலும் இதே கதை. அங்கே இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஆப்பிளின் பிரௌசர் எஞ்சினான வெப்கிட்தானே.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ் போல்ட். ஃபான்ட்டூல்ஸ் என்ற எழுத்துருக் கருவியில் தலைப்புகளில் வரும் எழுத்துகளை மட்டும் கொடுத்து சப்செட் (அவை மட்டும் உள்ள சிறிய எழுத்துரு ஃபைல்) எடுத்தேன். முழு ஃபைலைப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் லோக்கல் டிரெயினில் தொங்கிக்கொண்டே மெனு பார்ப்பவர்களுக்காகத்தான் ஃபைலையே சுருக்கினேன்.

லெட்டர் ஸ்பேசிங்கை எடுத்துப் பார்த்தேன், பிரௌசர் கேஷைக் காலி செய்தேன், லேஅவுட் ஃபீச்சர்கள் (எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் விதிகள்) எல்லாவற்றையும் சேர்த்தும் சப்செட் எடுத்தேன். மாற்றமில்லை. டெக்ஸ்ட்டில் ஒகரக் குறி (ொ) ஒரே யூனிகோட் குறியாகத்தான் இருக்கிறது.

சப்செட்டில் ஒகரக் குறியோடு, எகரக் கொம்பையும் ஆகாரக் காலையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டுமா, அல்லது வேறு எதையாவது விட்டுவிட்டேனா?