கலெக்ட்டிக்குச் செருகுநிரல்: உள்ளே எழுதுவதா, வெளியே எழுதுவதா?

கடலோரக் கணினி (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். மீனும் இறாலும் வைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிடங்கில் 14 அறைகள். ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒரே சீரியல் கம்பியில் கோக்கப்பட்டு, ஒரு மாற்றிப்பெட்டி வழியாக எங்கள் பிணையத்துக்கு வருகின்றன. அளவீடுகளைக் குறித்த இடைவெளியில் திரட்டும் கலெக்ட்டி (collectd) என்ற கருவியில் அவற்றைச் சேகரிக்கிறேன்; அதனுடன் இணைத்து ஓடும் சிறு நிரல்களே செருகுநிரல்கள். இந்தப் பெட்டிகள் தொழிற்சாலைக் கருவிகளின் பொது நெறிமுறையான மோட்பஸைப் பேசாமல் தமக்கென்று ஒரு நெறிமுறையைப் பேசுவதால், கலெக்ட்டியுடன் வரும் மோட்பஸ் செருகுநிரல் எனக்குப் பயன்படவில்லை. ஆகவே பைத்தானில் அறுபது வரிக்குள் ஒரு செருகுநிரலை நானே எழுதிச் சேர்த்தேன். பத்து வினாடிக்கு ஒருமுறை கலெக்ட்டி அதை அழைக்கும். அது 14 அறைகளையும் கேட்டு மதிப்புகளைத் திருப்பித் தரும். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

சென்ற மாதம் ஒரு மாலை 3.10-க்கு இடி விழுந்து மின்சாரம் ஒரு கண் சிமிட்டியது. மாற்றிப்பெட்டி உறைந்துபோனது. 45 நிமிடம் கழித்து, 3.55-க்கு, அதை அணைத்துப் போட்டோம். கையால் சோதித்தபோது எல்லா அறைகளும் பதில் சொல்லின. ஆனால் வரைபடத்தில் கோடு மீண்டும் தோன்றியது 4.35-க்குத்தான். தணிக்கைக்கு வந்தவர் கேட்டது மிக எளிய கேள்வி: பெட்டி சரியான பிறகும் 40 நிமிடத்துக்கு வெப்பநிலை ஏன் இல்லை?

பதிவேட்டைத் திறந்தால் விடை அங்கேயே இருந்தது. செருகுநிரலில் மதிப்பைக் கேட்டு வாங்கும் பகுதியான படிக்கும் செயற்கூறு தோற்றுவிட்டால், கலெக்ட்டி அடுத்த முயற்சிக்கான இடைவெளியை இரட்டிப்பாக்குகிறது. 10 வினாடி 20 ஆகும், பிறகு 40, 80, 160 என்று போகும். எட்டாவது முயற்சி பழுது தொடங்கிய 2,540-ஆம் வினாடியில், அதாவது நாங்கள் பெட்டியை எழுப்புவதற்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் முன்பு, நடந்து தோற்றிருக்கிறது. உடனே '2,560 வினாடிகளுக்கு நிறுத்திவைக்கிறேன்' என்று ஒரு வரியை எழுதிவிட்டு அது தூங்கப் போய்விட்டது.

இதிலிருந்து நான் வந்த முடிவு: கருவிகளைத் தொடும் நிரல் எதுவும் கலெக்ட்டிக்குள் இருக்கக் கூடாது. வெளிச் செயலியை ஓட்டி அது எழுதுவதை வாங்கிக்கொள்ளும் எக்ஸெக் செருகுநிரல் வழியாக, தனிச் செயலியாக வெளியே ஓட வேண்டும். மாற்றுக் கருத்து உடையவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் பட்டறை (கோலாலம்பூர்):

மாற்றுக் கருத்து உண்டு. 2005-இல் ஃப்ளோரியன் ஃபோர்ஸ்டர் சி மொழியில் தொடங்கிய இந்தக் கருவியின் அடிப்படையே செருகுநிரல்கள்தாம். மையத்தில் இருப்பது ஒரு நேரக் கணக்குப்பிள்ளை மட்டுமே. இடைவெளி இரட்டிப்பாவது பிழை அன்று, ஆவணத்தில் எழுதியிருக்கும் நடத்தை. படிக்கும் வேலைக்கு இயல்பாக ஐந்தே இழைகள் (ஒரே செயலிக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைத்தடங்கள்) ஒதுக்கப்படுகின்றன. பதில் சொல்லாத ஒரு பெட்டியைப் பத்து வினாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தட்டலும் நேரம் முடியும்வரை ஓர் இழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படி ஐந்து செருகுநிரல்கள் ஒரே சமயத்தில் சிக்கினால் கணினியின் மையச் செயலகத்தின் (சிபியு) சுமைகூடப் படிக்கப்படாமல் நின்றுவிடும். இரட்டிப்பு அதைத் தடுக்கிறது.

அதற்கு உச்சவரம்பும் உண்டு: 'மேக்ஸ்ரீட்இன்டர்வல்' என்ற அமைப்பு. அதன் இயல்பு மதிப்பு 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள். அதை 60 என்று வைத்திருந்தால் உங்கள் 40 நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கியிருக்கும். ஒரு வரி மாற்றத்தில் தீரும் சங்கடத்துக்காக அறுபது வரி நிரலை வெளியே தூக்கிப் போடுவதா?

வெளியே போனால் நேரக் கணக்கு முழுவதும் உங்கள் தலையில் விழும். படித்துவிட்டுப் பத்து வினாடி தூங்கு என்று எழுதுவீர்கள். படிப்பதற்கே ஒரு வினாடி ஆகும். ஆக மதிப்புகள் பதினொரு வினாடிக்கு ஒருமுறை வரும். பிறகு பைத்தானின் வெளியீடு கலெக்ட்டிக்குக் குழாய் (பைப்) வழியே போகும்போது வரி வரியாகப் போகாது. எட்டு கிலோபைட் சேரும்வரை உள்ளேயே நிற்கும். உங்கள் 14 அறைகளுக்குச் சுற்றுக்கு ஏறத்தாழ 900 பைட் என்று வைத்தாலும், ஒன்றரை நிமிடத்து மதிப்புகள் மொத்தமாக வந்து விழும். நேரத்தின் இடத்தில் 'இப்போது' என்று பொருள்படும் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தால், அவை அனைத்தும் வந்து சேர்ந்த நொடியின் முத்திரையையே பெறும். தணிக்கையாளர் அதைப் பார்த்தால் இதைவிடக் கடினமான கேள்வி கேட்பார்.

ஏழாம் தளம் (கோலாலம்பூர்):

இருவருமே பழைய வீட்டுக்குள் நின்றுகொண்டு எந்த அறையில் படுப்பது என்று வாதிடுகிறீர்கள். கலெக்ட்டிக்கு மாற்றாக ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி இருக்கிறது. அது 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கி, 2016-இல் கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளையில் குபர்னெட்டிஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. அங்கே செருகுநிரல் என்ற பேச்சே இல்லை. உங்கள் நிரல் ஒரு சிறிய வலைப்பக்கத்தைத் திறந்து வைக்கும். சேகரிப்பவர் வந்து படித்துக்கொண்டு போவார். வந்தபோது பதில் கிடைத்ததா இல்லையா என்பதை 'அப்' என்ற அளவீடு 1 அல்லது 0 என்று தானே குறித்துவைக்கும். வலைப்பக்கம் திறப்பதும் சுமையாகத் தெரிந்தால், கணினியின் அளவீடுகளை ப்ரொமீதியஸுக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரின் உரைக்கோப்பு வசதி இருக்கிறது: மதிப்புகளை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயரை மாற்றினால் போதும்.

செந்தூல் பட்டறை:

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம், நண்பரே. அவர் கேட்டது செருகுநிரலை எங்கே வைப்பது என்று. குடிபெயர்வது பற்றி அன்று. தவிர, 'அப்' சொல்வது வலைப்பக்கம் திறந்ததா என்பதை மட்டுமே. பக்கம் நன்றாகத் திறந்து, அதன் பின்னால் இருக்கும் சீரியல் கம்பி செத்துக் கிடந்தாலும் அது 1 என்றே காட்டும். உரைக்கோப்பு வழியில் இன்னும் மோசம்: எழுதும் செயலி நின்றுபோனால் பழைய கோப்பு அங்கேயே கிடக்கும், கடைசி வெப்பநிலை நாள் முழுவதும் நேர்கோடாகப் போகும்.

ஏழாம் தளம்:

கோப்பு மாற்றப்பட்ட நேரத்தையும் அது தனி அளவீடாகத் தருகிறது. அதற்கு எச்சரிக்கை விதி எழுதாதவர் தவறு செய்தால் கருவி என்ன செய்யும்?

பிறைநிலா (பிறை, பினாங்கு):

அண்ணன்மார் இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள். நிரல் உள்ளே ஓடுகிறதா வெளியே ஓடுகிறதா என்பதைவிட, அது வாய் திறந்து என்ன சொல்கிறது என்பதில்தான் நான் அதிகமாக அடிபட்டிருக்கிறேன்.

எங்கள் ஆலையில் ஒவ்வொரு கம்ப்ரஸரும் எத்தனை முறை ஓடத் தொடங்கியது என்பதை ஒரு பெட்டி எண்ணிக்கொண்டே வரும். எனக்கு முன்பு இருந்தவர் செருகுநிரலில் அதைக் 'கவுண்ட்டர்' வகையாகப் பதிந்திருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரம் போனால் அந்தப் பெட்டி சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். கவுண்ட்டர் வகையில் புதிய மதிப்பு பழையதைவிடக் குறைந்தால், எண் நிரம்பி மறுசுற்று தொடங்கிவிட்டது என்று கலெக்ட்டி எடுத்துக்கொள்ளும். 48,210-இல் இருந்த எண்ணிக்கை 0 ஆனதும், 32 பிட்டின் எல்லையான 4,294,967,296-லிருந்து கழித்துப் பத்தால் வகுத்து, அந்தக் கம்ப்ரஸர் வினாடிக்கு 429 மில்லியன் முறை தொடங்கியதாக வரைந்து காட்டியது. மற்ற நாள்களின் கோடு எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிப் போயிற்று. மறுசுற்று என்று ஊகிக்காத 'டெரைவ்' (DERIVE) வகையாக மாற்றி, அளவீட்டு வகைகளை வரையறுக்கும் டைப்ஸ்.டிபி கோப்பில் குறைந்தபட்சம் 0 என்று எழுதிய பிறகு, எதிர்மறையாக வரும் அந்த ஒரு மதிப்பு மட்டும் விடுபட்டுப்போகிறது. மற்றவை ஒழுங்காக வருகின்றன.

இன்னொன்று. குளிரறையில் 85 பாகை என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? டிஎஸ்18பி20 என்ற மலிவான வெப்ப உணரிக்கு மின்சாரம் வந்தவுடன், முதல் அளவை எடுப்பதற்கு முன் அதன் நினைவகத்தில் இருக்கும் எண் 85. அவசரப்பட்டுப் படித்தால் அதையே தரும். எங்கள் செருகுநிரல் அதை முகம் சுளிக்காமல் அனுப்பியது. காவலர் இரவு ஒரு மணிக்கு என்னை எழுப்பினார்.

கடலோரக் கணினி அண்ணனின் சிக்கலும் இதே இனம்தான் என்று நினைக்கிறேன். பெட்டி பதில் சொல்லாதபோது உங்கள் நிரல் எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) அப்படியே வெளியே விட்டிருக்கிறது. செருகுநிரலே தோற்றது என்று கலெக்ட்டி அதைப் புரிந்துகொண்டது. ஆனால் தோற்றது பெட்டி. செருகுநிரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைப் பிடித்து, வெப்பநிலைக்கு 'அறியப்படவில்லை' என்ற மதிப்பை அனுப்பியிருந்தால் இடைவெளி இரட்டிப்பாகியிருக்காது. வரைபடத்திலும் நேர்மையான ஓட்டை ஒன்று 3.55-உடன் முடிந்திருக்கும்.

கடலோரக் கணினி:

தங்கை சொன்னது என்னை யோசிக்க வைத்தது. எக்ஸெப்ஷனைப் பிடிக்காமல் விட்டது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். பட்டறை ஐயா சொன்ன உச்சவரம்பை இன்றே வைத்துவிட்டேன். ஆனாலும் வெளியே என்ற முடிவை நான் கைவிடவில்லை. அதற்கான காரணத்தை முதல் பதிவில் எழுதாமல் விட்டது பிழை.

புதிதாக வாங்கிய இரண்டு அறைகளின் பெட்டிகளுக்கு விற்றவர்கள் நெறிமுறை விவரத்தைத் தரவில்லை. தொகுக்கப்பட்ட ஒரு நிரலகத்தை மட்டுமே கொடுத்தார்கள். அதை என் பைத்தான் செருகுநிரலுக்குள் ஏற்றினேன். மூன்றாம் நாள் அந்த நிரலகம் நினைவகத்தில் கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்து விழுந்தது. அது விழுந்தபோது கலெக்ட்டியும் கூடவே விழுந்தது. வட்டு, பிணையம், யூபிஎஸ், மற்ற 14 அறைகள் எல்லாமே ஒன்றாக மறைந்தன. எந்த எக்ஸெப்ஷனைப் பிடித்தும் இதைத் தடுக்க முடியாது. ஒரே கூரையின் கீழ் ஓடுவதற்கு இதுதான் விலை.

செந்தூல் பட்டறை:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பாதி எழுதியிருக்க மாட்டேன். மூலநிரல் காட்டாத நிரலகம் என்றால் வெளியேதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. எக்ஸெக் செருகுநிரல் எந்தச் செயலியையும் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக ஓட்ட மறுக்கும் என்பதும் அங்கே உங்களுக்குப் பாதுகாப்பே. செயலி விழுந்தால் அடுத்த இடைவெளியில் அதுவே மீண்டும் எழுப்பிவிடும்.

ஆனால் அந்த இரண்டு அறைகளுக்காகப் பழைய 14 அறைகளின் நிரலையும் சேர்த்து வெளியேற்றாதீர்கள். அதன் ஒவ்வொரு வரியும் நீங்கள் எழுதியது, உங்களுக்குத் தெரியும். அங்கே செய்ய வேண்டியது வேறு: தொடக்கச் செயற்கூறில் ஓர் இழையைக் கிளப்பி, சீரியல் கம்பியோடு பேசும் வேலையை அதனிடம் விடுங்கள். கலெக்ட்டி அழைக்கும் படிக்கும் செயற்கூறு, அந்த இழை கடைசியாக வைத்துவிட்டுப் போன மதிப்பை எடுத்துக் கொடுத்தால் போதும்; அது எதற்காகவும் காத்திருக்காது. இழையைக் கோப்பின் தலைப்பிலேயே கிளப்பிவிடாதீர்கள். அமைப்புக் கோப்பைப் படித்த பிறகுதான் கலெக்ட்டி பின்னணிக்குப் போகிறது. அதற்கு முன் பிறந்த இழைகள் அந்தத் தாவலில் கூட வராது. இதை ஒரு வார இறுதி முழுவதும் தேடிக் கண்டுபிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பிறைநிலா:

அந்த இழை செத்துப்போனால், கடைசி மதிப்பையே கொடுத்துக்கொண்டு இருக்குமே? ஏழாம் தளத்து அண்ணனின் உரைக்கோப்பைப் பற்றி நீங்கள் சொன்ன குறை உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டதே!

ஏழாம் தளம்:

நன்றி, தங்கை.

செந்தூல் பட்டறை:

நியாயம். மதிப்போடு அது எத்தனை வினாடிக்கு முன் படிக்கப்பட்டது என்பதையும் தனி அளவீடாக அனுப்ப வேண்டும். 30 வினாடிக்கு மேல் ஆனால் வெப்பநிலையை 'அறியப்படவில்லை' என்று மாற்ற வேண்டும். என் நிரலில் அது இருக்கிறது, இங்கே எழுத மறந்தேன்.

கடலோரக் கணினி (ஐந்து நாள் கழித்து):

செய்து பார்த்தேன். பழைய 14 அறைகள் உள்ளே, இழையோடு. புதிய இரண்டும் வெளியே, எக்ஸெக் வழியாக. ஞாயிறு மாலை கிடங்கு மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றிப்பெட்டியின் கம்பியை 45 நிமிடம் பிடுங்கி வைத்தேன். திரும்பச் செருகிய ஒன்பதாவது வினாடியில் வெப்பநிலை வந்தது. வெளியே ஓடும் செயலியை நான்கு முறை கொன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பத்து வினாடிக்குள் எழுந்துவிட்டது. அது அனுப்பும் வரி இப்படி இருக்கிறது:

புட்வேல் "கிடங்கு1/குளிரறை-15/டெம்பரேச்சர்-காற்று" இன்டர்வல்=10 என்:-18.6

ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஃப்ளஷ் செய்கிறேன், அதாவது தேங்காமல் உடனே வெளியே தள்ளுகிறேன்.

செந்தூல் பட்டறை:

இன்னும் 'என்' என்றே இருக்கிறதே. விற்றவர்களின் நிரலகம் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது?

கடலோரக் கணினி:

சில வேளை ஆறு வினாடி. புரிந்தது ஐயா, படித்த நொடியைச் செயலியே குறித்து அனுப்பும்படி நாளை மாற்றிவிடுகிறேன்.