புதுப்பிப்பு: ரெப்ளிகா இணைப்பு அறுந்துகொண்டே இருந்ததே, காரணம் சிக்கியது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் மாஸ்டருக்குக் (மூல சர்வர்) கீழே இரண்டு ரெப்ளிகா (மாஸ்டரின் தரவைத் தொடர்ந்து நகலெடுத்துக்கொள்ளும் சர்வர்கள்), இரண்டின் லாகிலும் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) மாறி மாறி 1236 பிழை, அதாவது மாஸ்டரிடமிருந்து மாற்றங்களைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி. நெட்வொர்க், ஃபயர்வால், கேபிள் என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். மூன்றும் நிரபராதி.

இரண்டு லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தைப் பார்த்தபோதுதான் துப்பு கிடைத்தது. ஒன்று இணையும் அதே நொடியில் மற்றது அறுகிறது. இரண்டாவது ரெப்ளிகா, முதல் மெஷினை அப்படியே குளோன் செய்தது. சர்வர் ஐடியை (ஒவ்வொரு சர்வருக்கும் நாம் கொடுக்கும் எண்) ஞாபகமாக மாற்றினோம்; டேட்டா டைரக்டரிக்குள் கிடக்கும் ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பை மறந்துவிட்டோம். சர்வர் யுயுஐடி (ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாளக் குறியீடு) இருப்பது அதில்தான். அதே யுயுஐடியோடு இன்னொன்று வந்து நின்றால், பழைய இணைப்பு செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாஸ்டர் அதை வெட்டிவிடும். அத்தோடு முடிந்திருக்கும். நின்றுபோன ரெப்ளிகேஷனைக் கிளப்பிவிட நான் போட்டிருந்த கிரான் ஸ்கிரிப்ட்தான் (குறித்த நேரங்களில் தானே ஓடும் சிறு நிரல்) ஆட்டத்தை விடாமல் நடத்தியது!

இரண்டாவது சர்வரை நிறுத்தி, அந்தக் கோப்பை அழித்து, மறுபடி தொடங்கினேன். புது யுயுஐடியைத் தானே உருவாக்கிக்கொண்டது. நான்கு நாளாக லாக் அமைதி.

"பிழைச் செய்தியை முழுசாகப் படித்தீர்களா?" என்று கேட்டவருக்கு நன்றி. யுயுஐடி என்று அதிலேயே இருந்தது. நான் 1236-ஐ மட்டும்தான் பார்த்தேன்.