மைனர் 1000: டிஸ்ட்ரிபியூட்டர் எந்த ரகம், மேட்டில் ஏன் தட்டுகிறது?

சாம்பல்மைனர்:
1098 சிசி மோரிஸ் மைனர், அப்பாவின் வண்டி. ஐடிலில் அழகாக ஓடுகிறது. ஆனால் மூன்றாம் கியரில் மேடு ஏறும்போது மிதித்தால் சலங்கை குலுக்குவது போல இன்ஜின் தட்டுகிறது. டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பாயும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளினால் தட்டல் போகிறது, கூடவே இழுவையும் போய்விடுகிறது. அப்பாவின் பெட்டியில் இன்னொரு லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் பகுதி) கிடக்கிறது. வண்டியில் இருப்பதில் வேக்கம் டப்பா (இன்ஜின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை மாற்றுவது) பக்கத்தில் விரலால் திருப்பும் சொரசொரப்பான சின்ன நட் உண்டு, பெட்டியில் இருப்பதில் இல்லை. இந்த இன்ஜினுக்கு உரியது எது? மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா?

பழையபாயிண்ட்:
மாற்றாதீர்கள். அந்த நட் இருப்பது 25டி4, உங்கள் இன்ஜினுக்கு வந்த ரகம் அதுதான். பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 45டி4. மைனர் கார் 1971-ஓடு நின்றுவிட்டது, 45டி4 அதற்குப் பிறகு வந்தது.

ஆனால் 25டி4 என்று தெரிந்தால் மட்டும் போதாது. வெளியில் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒவ்வொன்றும் வேறு. உடம்பைத் துடைத்துப் பாருங்கள், ஐந்து இலக்க எண் பொறித்திருக்கும். அதுதான் இதன் உண்மையான பெயர். பக்கத்தில் தயாரான வாரமும் வருடமும் இருக்கும். வேக்கம் டப்பாவிலும் 5-17-10 என்கிற மாதிரி மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை அங்குல பாதரச உறிஞ்சலில் வேலை தொடங்குகிறது, எத்தனையில் முடிகிறது, மொத்தம் எத்தனை டிகிரி. இது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றினால்தான் இது ஒரு சுற்று, அதனால் கிராங்க் கணக்கில் இரட்டிப்பாக்க வேண்டும். இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள்.

அப்புறம், பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) இருக்கும் தட்டைக் கழற்றிக் கீழே பாருங்கள். எடைகள் இரண்டு, ஸ்பிரிங் இரண்டு. வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவரும், அதுதான் அட்வான்ஸ். ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்கும். ஸ்பிரிங்குகள் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்று மெல்லியது, முதலில் வேலை செய்யும். இன்னொன்று தடித்தது, அதன் காது நீளமாக, லூஸாக இருக்கும். வேகம் கூடியபிறகுதான் அது இழுக்க ஆரம்பிக்கும். யாராவது இரண்டையும் மெல்லியதாகப் போட்டிருந்தால், வரவேண்டிய அட்வான்ஸ் முழுக்க மிக முன்னதாகவே வந்துவிடும். உங்கள் வண்டியின் கதை அப்படித்தான் கேட்கிறது.

கைத்திருகு:
அதற்கும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளி கேமின் (ஷாஃப்டில் பாயிண்ட்டைத் திறக்கும் பகுதி) நான்கு முனையிலும் நான்கு விதமாக வரும். 0.015 அங்குலம் வைத்தேன், வண்டி சரியாகவில்லை என்று நான் ஒரு மாதம் அலைந்தது இதனால்தான். டுவெல் மீட்டர் (பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டுவது) இருந்தால் 25டி4-க்கு 60 டிகிரி, மூன்று கூடலாம், குறையலாம். 45டி4-க்கு 51. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

சாம்பல்மைனர்:
திறந்துவிட்டேன். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே தடிமன், இரண்டுமே மெல்லியது! ஒரு எடை துருவேறி அரைகுறையாக நகர்கிறது. வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் தட்டு நகர்ந்து அப்படியே நிற்கிறது, ஆகவே டப்பாவுக்குள் உள்ள சவ்வு, டயாஃபிரம், நல்லது. எடைக்கடியில் உள்ள தட்டில் 11 என்று இருக்கிறது. உடைந்த 25டி4 ஒன்றிலிருந்து தடித்த ஸ்பிரிங் கிடைக்கும், போடலாமா?

பழையபாயிண்ட்:
போடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். வேறு எண் கொண்டதிலிருந்து வந்த ஸ்பிரிங் என்றால் ஸ்ட்ரோப் லைட்தான் (ஸ்பார்க்கோடு மின்னி டைமிங்கைக் காட்டும் விளக்கு) தீர்ப்பு சொல்ல வேண்டும். எடைகளின் ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய், கேமுக்குக் கொஞ்சமாக கிரீஸ். வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு அளந்து பாருங்கள். தட்டில் உள்ள 11 எடைகள் தரும் அட்வான்ஸ், கிராங்கில் 22 டிகிரி. ஆரம்பத்தில் 8 வைத்தால் மொத்தம் 30. இந்த ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு 28 முதல் 32 வரை போதும். அது எந்த ஆர்பிஎம்மில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டியது அந்த எண்தான். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, எனவே உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னுக்கு வரும். நுணுக்கமாகத் திருத்த அந்தச் சின்ன நட் இருக்கிறது.

சாம்பல்மைனர்:
பழைய ஸ்பிரிங்கோடு முதலில் அளந்தேன்: 1,800 ஆர்பிஎம்மிலேயே 30 டிகிரி. தடித்தது போட்டபின் 30 வருவது 3,500-ல். நேற்று அதே மேட்டில் மூன்றாம் கியரில் முழுக்க மிதித்தேன், சத்தமே இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஷாஃப்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது கைத்திருகு அண்ணா. 0.015 வைத்தால் ஒரு முனையில் 0.013 காட்டுகிறது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் மாற்றத்தான் வேண்டுமா?

கைத்திருகு:
மாற்றிவிடுங்கள். புதுப் புஷ்ஷை 24 மணி நேரம் இன்ஜின் எண்ணெயில் ஊறவைத்துவிட்டு அப்புறம் அடியுங்கள்.