தம்பியின் கம்பஸ் காசு: எங்கள் தருமபுரம் குடும்பக் குழுவில்

சித்தி (காலை 9.12): பிள்ளைகள், தம்பிக்குக் கம்பஸ் படிப்புக்கான மகாபொல உதவிப்பணம் கிடைத்திருக்கிறதாம். வட்ஸ்அப்பில் வந்தது. அவனுடைய பெயர், ஏஎல் சோதனைச் சுட்டெண் எல்லாம் சரியாக இருக்கிறது. 12 மணிக்குள் பதிவுக்காசு 2500 ரூபா போட வேணுமாம். அவனுடைய ஐசியின், அதுதான் அடையாள அட்டையின், இரண்டு பக்கமும் பாங்க் புத்தகமும் படமெடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லச் சொல்கிறார்கள்.

அண்ணை: சித்தி, நம்பரைச் சொல்லாதேங்கோ! காசும் போடாதேங்கோ.

அண்ணை: அது ஓடிபி, ஒருமுறை மட்டும் பாவிக்கிற இரகசிய நம்பர். பாங்கில் இருப்பவர்கள்கூட அதைக் கேட்கமாட்டார்கள்.

சித்தி: ஐயோ. அவன் பிறந்த திகதியையும் சரியாகச் சொன்னார்களே?

நான்: ஐசி நம்பரிலேயே அது இருக்கிறது சித்தி. 12 இலக்கத்தில் முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. தம்பிக்கு 2005, பிறகு 047. பெப்ரவரி 16. பெண்பிள்ளை என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் உங்களுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி: சுட்டெண் என்னால் போனது அக்கா. ஏஎல் றிசல்ட் வந்த அன்று பேஸ்புக்கில் அப்படியே போட்டேன். இப்போதே எடுக்கிறேன்.

சித்தி: ஐசிப் படத்தை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்?

கலிபோர்னியா அக்கா: நிறையச் செய்யலாம் சித்தி. இங்கே களவெடுத்த அடையாளத்தில் ஒன்லைன் வகுப்புகளில் சேர்ந்து, உதவிப்பணம் வந்ததும் காணாமல் போகிறார்கள். பேய் மாணவர் என்றே பெயர். உண்மையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு வகுப்பில் இடமில்லை. 2025 ஜூனில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம், முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களில் பலர் நேரிலோ நேரடி வீடியோவிலோ அடையாள அட்டையைக் காட்ட வேணும் என்று சொன்னது.

அண்ணை: சித்தி, முதலில் பாங்குக்குப் போங்கோ. போனில் பேசுவதென்றால் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் நம்பருக்கு மட்டும். பிறகு பொலிசில் முறைப்பாடு. இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட்டுக்கு 101 அடித்தும் சொல்லலாம். தம்பி, அந்த மெசேஜை அழிக்காதே, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை.

நான்: சித்தி, ஏசுகிறேன் என்று நினைக்காதேங்கோ. 2009 போரில் நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை மட்டும் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, நெஞ்சோடு கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை வந்தீர்கள். மெனிக் பாம் முகாமில் பதியும்போது அந்தப் பொதியை ஆரிடமும் கொடுக்காமல் நீங்களே பிரித்துக் காட்டினது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்தப் படமும் அதே பத்திரம்தான். இனி ஆருக்கு நகல் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்கு, எந்தத் திகதி என்று எழுதிக் கொடுங்கோ.

சித்தி (10.40): பாங்கில் நிற்கிறேன். கணக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். காசு போகவில்லை.

தம்பி: அப்பாடா.

சித்தி: அப்போ உண்மையான மகாபொலவுக்கு என்ன செய்வது?

அண்ணை: அதற்குப் பதிவுக்காசு என்று ஒன்றுமில்லை. விண்ணப்பத்தை நான் வந்து பார்க்கிறேன். குடும்ப வருமானத்தை விதானையார், அதுதான் கிராம அலுவலர், உறுதிப்படுத்த வேணும். வயலில் வருகிறதையும் மறைக்காமல் உள்ளபடி சொல்லுங்கோ, குறைத்துப் போட்டால் இன்னொரு ஏழைப் பிள்ளையின் காசு எங்களுக்கு வரும்.

சித்தி: சரி ராசா. நாளைக்குச் செவ்வாய், விதானையார் இருப்பார். காலையிலேயே போகிறேன்.