புதுப்பிப்பு: அடலிமுமாப் ஊசியை பஸ்ஸில் கெடாமல் கொண்டுபோவது

குரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்க்கான அடலிமுமாப் ஊசியை மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு சித்திரை வெயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ஜெல் பேக்கைத் துண்டில் சுற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக் ஊசியை நேராகத் தொட்டால் மருந்து உறையலாம். உறைந்தது உருகினாலும் போடக்கூடாது. இரண்டு பேக், நடுவில் தடித்த துண்டு, அட்டைப்பெட்டியோடு ஊசி, ஒரு சின்ன தெர்மாமீட்டர். இரண்டு மணி நேரம் கழித்தும் 6 டிகிரி. வேண்டியது 2 முதல் 8.

எதிர்பாராதது: வீட்டு ஃப்ரிட்ஜ்தான் வில்லன்! ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் 1 டிகிரி காட்டியது. இப்போது நடுத்தட்டில் இருக்கிறது. கதவுத்தட்டும் ஆகாது, திறக்கத் திறக்கச் சூடு ஏறும்.

போடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறைகிறது. அவசரத்துக்கு வெந்நீரில் போட்டுவிடாதீர்கள்.